அஞ்சு பாட்டுக்கும் முழு உரிமை கேக்குறாங்க: கையெழுத்து போடலாமா, நாங்களே வெளியிடலாமா?

வைகைக்கரை (மதுரை):

வணக்கம். பாட்டு எழுதிப் பாடுறது நான். கிட்டார், தவில், கீபோர்டுக்கு மூணு பேர். கல்லூரி விழா, காபிக்கடை, ஒரு தடவை புத்தகத் திருவிழா மேடைன்னு மூணு வருஷமா பாடிக்கிட்டு இருக்கோம். போன தை மாசம் அஞ்சு பாட்டு ரெக்கார்டு பண்ணி முடிச்சோம். தவில் மட்டும் ஸ்டுடியோவில எடுத்தோம். மத்ததெல்லாம் கீபோர்டு வாசிக்கிற தம்பியோட வீட்டு மாடியில, சுவத்துல மெத்தையைச் சாத்தி வச்சு எடுத்தது. மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் ஆச்சு. அதுல 20,000 எங்க அம்மா எடுத்த சீட்டுப் பணம்.

இப்ப ஒரு கம்பெனி அஞ்சு பாட்டையும் கேக்குறாங்க. மொத்தமா 75,000 தர்றாங்களாம். ஒப்பந்தத்துல "உலகம் முழுவதும், நிரந்தரமாக, இப்போதுள்ள மற்றும் இனி வரவிருக்கும் எல்லா ஊடகங்களிலும்" எல்லா உரிமையும் அவங்களுக்குன்னு இருக்கு. எங்கள்ல ரெண்டு பேர் போட்ட காசு வந்துடுது, கையெழுத்து போட்டுடலாம்ங்கிறாங்க. எனக்கு மனசு வரல. மதிச்சியம் பக்கம் நான் நடந்து போன ராத்திரிகள்ல எழுதின வரிகள் அதெல்லாம்.

நாங்களே வெளியிட்டா என்ன ஆகும்? இன்னொண்ணு. இங்கிலாந்துல எழுபதுகளோட கடைசியில, பங்க் ராக் இசைக் காலத்துல பசங்களே சொந்தமா ரெக்கார்டு போட்டு வித்தாங்கன்னு எங்க கிட்டாரிஸ்ட் அடிக்கடி சொல்லுவான். இன்டர்நெட் இல்லாத காலத்துல, கம்பெனியும் இல்லாம, அது கடைக்கு எப்படிப் போச்சு? உண்மையிலேயே தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

———

மிக்ஸர்மேசை (சென்னை):

ரெண்டு நாள் பொறுங்க, கையெழுத்து வேண்டாம்.

நான் நாலு சிங்கிள் சொந்தமா விட்டிருக்கேன். வெளியிடுறது இப்ப ஒரு ராத்திரி வேலைதான். டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி மாதிரி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்ல கணக்குத் திறந்து பாட்டையும் அட்டைப்படத்தையும் ஏத்தினா ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக்னு எல்லா இடத்துக்கும் அவங்களே அனுப்புவாங்க. பாட்டு உங்க பேர்லயேதான் இருக்கும். வித்தியாசம் காசு வாங்குற முறையில. டிஸ்ட்ரோகிட்ல வருஷச் சந்தா. சந்தா கட்டுறதை நிறுத்திட்டா, நிரந்தரமா வச்சிருக்கத் தனியா பணம் கட்டியிருந்தாலொழிய பாட்டு இறங்கிடும். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரே தடவை கட்டணம் வாங்கிட்டு, வருமானத்துல 9 சதவீதம் எடுத்துக்கும். வருஷத்துக்கு ஒரு ஆல்பம்தான் விடப் போறீங்கன்னா ரெண்டாவது முறை நிம்மதி.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சின்னு ஒரு தனி அடையாள எண் வரும். அதை ஒரு நோட்டுல எழுதி வைங்க. நாளைக்கு வேற டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறினா அதே எண்ணைக் குடுத்தாதான் பழைய ஸ்ட்ரீம் கணக்கு கூடவே வரும். தேதிக்கு நாலு வாரம் முன்னாடியே ஏத்திடுங்க.

நான் செஞ்ச தப்பு ஒண்ணையும் சொல்லிடுறேன். என் ரெண்டாவது பாட்டுல காசு குடுத்து வாங்கின ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓடுற ரெடிமேட் இசைத் துண்டு) வச்சிருந்தேன். அதே லூப்பை உலகத்துல இன்னும் எத்தனையோ பேர் வச்சிருக்காங்க. அதைத் தெரியாம, நம்ம ஒலி வேற வீடியோவுல வந்தா தானாவே கண்டுபிடிச்சு உரிமை கோருற யூடியூப் கன்டென்ட் ஐடியைப் போட்டுவிட்டேன். முகம் தெரியாத ஒரு பையனோட வீடியோ மேல என் பேர்ல உரிமைக்கோரல் போய் நின்னுச்சு. அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டேன். உங்க தவில் நீங்களே வாசிச்சதுன்னா பிரச்சனை இல்ல.

காசு விஷயத்துல கனவு வேண்டாம். 2024லேர்ந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு பன்னிரண்டு மாசத்துல ஆயிரம் ஸ்ட்ரீமாவது தொட்டாதான் பணமே கணக்குல ஏறும். என் நாலு பாட்டுல ஒண்ணு இன்னும் தொடல.

———

பெட்டிகட்டி (லண்டன்):

பிள்ளை, உங்கட கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுறன். தம்பி மேல சொன்னதெல்லாம் சரி, அதுக்குள்ள நான் போகேல்லை.

நான் 1979இல யாழ்ப்பாணத்தில இருந்து கணக்கியல் படிக்க இஞ்ச வந்தனான். சனிக்கிழமையளில தென் லண்டனில ஒரு சின்ன றெக்கோட் கடையில வேலை. வாற பெட்டியைப் பிரிக்கிறது, தபாலில போற தட்டுகளுக்கு ரெண்டு பக்கமும் மட்டை வச்சுக் கட்டுறது. எட்டு வருசம் கட்டினன்.

அந்தக் கடையில எல்லாரும் சொல்லுற கதை மான்செஸ்டரில தொடங்கும். பஸ்காக்ஸ் எண்ட குழு 500 பவுண் கடன் வாங்கினது. அதில ஒரு பங்கு குழுவில இருந்த பீட் ஷெல்லியின்ர தகப்பன் குடுத்தது. உங்கட அம்மாவின்ர சீட்டுக்காசை வாசிச்ச உடன எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. 1976 டிசம்பர் 28, ஒரே நாளில நாலு பாட்டு. நியூ ஹார்மோன்ஸ் எண்டு தாங்களே ஒரு லேபிளுக்கு, அதாவது தட்டு வெளியிடுற கம்பெனிக்கு, பேர் வச்சு, 1977 ஜனவரி கடைசியில 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' எண்டு ஆயிரம் தட்டு அடிச்சு விட்டவை. எந்தப் பாட்டு எத்தினையாவது தடவையில சரிவந்தது எண்டுகூட அட்டையில அச்சடிச்சிருக்கும். ஆயிரமும் முடிஞ்சு, திரும்பத் திரும்ப அடிச்சு, 16,000 வரைக்கும் போனது.

அதே வருசம் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் எண்டவை 153 பவுணோட முதல் தட்டை முடிச்சவை. 500 தட்டு, நாலு மாதத்தில வித்துத் தீந்தது. வந்த காசில திரும்ப ஆயிரம், அந்தக் காசில அடுத்த பாட்டு. இது சுகம், மலிவு, நீங்களும் போய்ச் செய்யுங்கோ எண்டு பாட்டுக்குள்ளயே சொன்னவை. 1978இல ஸ்க்ரிட்டி பொலிட்டி இன்னும் ஒரு படி மேல போச்சினம். ஸ்டூடியோவுக்கு எவ்வளவு, மாஸ்டரிங்குக்கு எவ்வளவு, தட்டு அடிக்க எவ்வளவு, தட்டின்ர நடுவில ஒட்டுற தாளுக்கு எவ்வளவு எண்டு முழுக் கணக்கையும் போட்டோகொப்பி அட்டையில போட்டு, ஆரிட்டப் போக வேணும் எண்டதையும் சேத்து எழுதிவிட்டவை. கணக்குப் படிக்க வந்த பெடியன் நான். அந்த அட்டையைக் கையில வச்சுக்கொண்டு கடையின்ர பின்னறையில நிண்டது இண்டைக்கும் கண்ணுக்க நிக்குது. பெரிய கம்பெனிக்காரருக்கு மட்டும் தெரிஞ்ச வித்தை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தது, கடைசியில ஒரு விலைப்பட்டியல்.

ஆனா பிள்ளை, தட்டு அடிக்கிறது சுகமான பாதி. நீங்கள் கேட்டது மற்றப் பாதி.

பெரிய கம்பெனியளிட்ட லொறி இருந்தது, விற்பனைக்காரர் இருந்தவை, சங்கிலிக்கடையளோட ஒப்பந்தம் இருந்தது. இந்தப் பெடியளிட்ட ஒரு தோள்பை. அவை கொண்டுபோன இடம் மேற்கு லண்டனில 1976இல ஜெஃப் ட்ராவிஸ் திறந்த ரஃப் ட்ரேட் கடை. கடை வாங்கி வச்சு வித்தது. மற்ற ஊர்க் கடைக்காரர் எங்களுக்கும் அனுப்புங்கோ எண்டு கேக்க, மொத்தமா எடுத்து அனுப்பத் தொடங்கினது. டானியல் மில்லர் எண்ட ஒருத்தர் 1978இல தன்ர முதல் தட்டைக் கொண்டுபோனார். 500 அடிக்கிற யோசனையோட போனவரை 2,000 அடியுங்கோ, நாங்கள் கொண்டுபோறம் எண்டு அனுப்பினவை. அட்டையில அவர் போட்டிருந்தது தாயோட இருந்த வீட்டு விலாசம். அந்த விலாசத்துக்கு ஆக்கள் தங்கட பாட்டு நாடாக்களை அனுப்பத் தொடங்கினவை. மியூட் எண்ட லேபிள் அப்பிடி வளந்தது. பிறகு பெரிய பேர் எடுத்த டிப்பெஷ் மோட் குழு அவரோட பல வருசம் எழுத்தில ஒப்பந்தமே இல்லாமல், செலவு போக ஆளுக்குப் பாதி எண்ட கைகுலுக்கலில இருந்தவை.

பிறகு ஊருக்கு ஊர் இருந்த கடைக்காரர் ஒண்டு சேந்தவை. லண்டனில ரஃப் ட்ரேட், யோர்க்கில ரெட் ரைனோ, பிரிஸ்டலில ரிவால்வர், லிவர்பூலில புரோப், நோரிச்சில பேக்ஸ், லெமிங்டன் ஸ்பாவில நைன் மைல், எடின்பரோவில ஃபாஸ்ட். கூட்டுக்குப் பேர் கார்ட்டெல். ஒரு லேபிள்காரன் ஒரு இடத்தில குடுத்தாக் காணும், நாடு முழுக்கப் போகும். எங்கட கடைக்கு வாற பெட்டியும் அந்த வழியாலதான் வரும். 1980 ஜனவரியில இருந்து கூட வித்த தட்டுகளுக்கு இன்டி (இண்டிபெண்டன்ட், சுயாதீனம்) பட்டியல் எண்டு தனியா வெளியிடத் தொடங்கினவை. அதுக்குள்ள போக என்ன தகுதி தெரியுமே? கிற்றார் சத்தமும் இல்லை, தலைமயிர் வெட்டும் இல்லை. பெரிய கம்பெனியின்ர விநியோகத்தில போகாத தட்டாயிருக்க வேணும், அவ்வளவுதான். இண்டைக்கு இன்டி எண்டா ஏதோ ஒரு மெட்டு, ஒரு உடுப்பு எண்டு கதைக்கிறதைக் கேக்க எனக்குக் கஷ்டமா இருக்கும். பெட்டியை ஆர் தூக்கினது எண்டதுதான் அந்தச் சொல்லின்ர கருத்து.

அது எப்பிடி உடைஞ்சது எண்டதையும் சொல்ல வேணும். 1988இல ரெட் ரைனோ விழுந்தது. 1991இல ரஃப் ட்ரேட்டின்ர விநியோகப் பகுதியும் போச்சு. தட்டு விக்கேல்லை எண்டு இல்லை. கடைக்காரன் கடனுக்கு எடுப்பான், காசு மாதக்கணக்கா வராது. பாட்டு நல்லா ஓடினா இன்னும் அடிக்கச் சொல்லிக் கேப்பினம், அடிக்கிறவனுக்கு இண்டைக்கே காசு வேணும். நடுவில நிக்கிற விநியோகக்காரன் விழேக்க, வித்துப்போன தட்டுகளின்ர காசும் அவனோட போகும். ஒரு பிழையும் செய்யாத சின்ன லேபிள்களும் அதோட சேந்து அடிபட்டவை.

எனக்கு அது சொந்தத்திலயும் தெரியும். 1985இல என்ர மச்சான் பாடின ஊர்ப் பாட்டுகளை 300 கசட் அடிச்சம். டூட்டிங், ஈஸ்ட் ஹாம், வெம்பிளி எண்டு பலசரக்குக் கடை கடையா நானே கொண்டுபோய் வச்சன். வித்தாக் காசு, இல்லாட்டிக் கசட் எண்டு வாய்ப்பேச்சு. கணக்கியல் படிச்ச நான் ஒரு பற்றுச்சீட்டு எழுதி வாங்கேல்லை. 112 கசட்டுக்குக் காசு வந்தது. மிச்சம் காசாயும் வரேல்லை, கசட்டாயும் வரேல்லை. மச்சான் ஒருநாளும் என்னை ஒண்டும் கேக்கேல்லை. அதுதான் கூட நோகுது.

ஆனபடியா அந்தக் கம்பெனியிட்ட 75,000 காணுமோ காணாதோ எண்டு பேரம் பேசாதையுங்கோ. பாட்டு எங்கயெங்க போகும், ஒவ்வொரு இடத்துக் காசும் எத்தினை மாதத்தில திரும்பும், கணக்குப் புத்தகத்தை நீங்கள் கேட்டாக் காட்டுவினமோ எண்டு கேளுங்கோ. பாட்டு போற வழியைப் பற்றி எல்லாரும் வடிவாச் சொல்லுவினம்.

———

கேசட்கடை (கோவில்பட்டி):

லண்டன் அண்ணாச்சி எழுதினத ரெண்டு தடவ வாசிச்சேன். நமக்கும் அதே கததான். எண்பதுகள்ல எங்க அப்பா கடை பஸ் ஸ்டாண்ட் பக்கம். படப் பாட்டு கேசட் கம்பெனியில இருந்து வரும். வில்லுப்பாட்டு, அம்மன் பாட்டெல்லாம் பாடுனவங்களே நூறு இருநூறு அடிச்சிட்டு வந்து குடுத்துட்டுப் போவாங்க. கொடை நடக்குற ஊர்ல, கோயில் வாசல்ல துணி விரிச்சு, பேட்டரி டேப்புல ஓடவிட்டு விப்போம். கேட்டுட்டு அங்கனயே வாங்குவாங்க. படப் பாட்டு வித்ததுல கம்பெனிக்குப் போனது போக எங்களுக்கு மிஞ்சுறது கொஞ்சம். வில்லுப்பாட்டு கேசட்ல பாடுனவருக்கும் எங்களுக்கும் நேருக்கு நேர் கணக்கு, அன்னிக்கு ராத்திரியே முடிஞ்சிரும்.

மதினி, உங்க பாட்டு கேக்குறவங்க எங்க கூடுறாங்களோ அங்க நீங்க கையில எதையாவது வச்சு விக்கணும். போன்ல கேட்டுக்கிறேன்னு சொல்லிட்டுப் போனவன் வீட்டுக்குப் போயி மறந்துருவான்.

———

வழக்குக்கட்டு (திருச்சி):

ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும். நான் வழக்கறிஞர். ஆனால் உங்கள் தாளைப் பார்க்காமல் சொல்வதால், உங்கள் ஊரில் ஒருவரிடம் நேரில் காட்டிவிடுங்கள்.

2012ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத் திருத்தத்தைப் பாட்டு எழுதுகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். படத்தில் சேராத ஒலிப்பதிவாக இருந்தாலும், வரிகளை எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ மட்டும்தான் அதைத் தரலாம். "எல்லா உரிமையும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் இந்த ஒன்று உங்களிடமே நிற்கும். அப்படி ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் நீங்களும் மெட்டமைத்தவரும் உறுப்பினராகுங்கள். பணம் அந்த வழியாகத்தான் வரும்.

அடுத்து, கைமாற்றும் ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களுடையதில் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்று வேலை மெனக்கெட்டு எழுதியிருப்பது அதனால்தான். "இனி வரவிருக்கும் ஊடகங்கள்" என்ற வரியும் சும்மா வந்ததில்லை. கைமாற்றும்போது புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகப் பெயர் சொல்லி எழுதாவிட்டால், ஒப்பந்தம் செல்லாது என்று அதே திருத்தம் சொல்கிறது. இப்படிப் பொத்தாம்பொதுவாக எழுதினால் போதுமா என்பதே வழக்காடக்கூடிய விஷயம்.

மாஸ்டர் ஒலிப்பதிவு (பதிவு செய்து முடித்த மூல ஒலி) வேறு, பாட்டு (வரியும் மெட்டும்) வேறு. செலவு செய்து ஒலிப்பதிவு செய்தது நீங்கள் நால்வர், எனவே மாஸ்டர் உங்களுடையது. அதை விற்காமல் மூன்று ஆண்டு உரிமம் மட்டும் தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால் நீங்கள் நால்வரும் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிற இசைக்குழுத் தகராறுகளில் எதிர்த்தரப்பாகக் கம்பெனி இருந்ததைவிட நண்பர் இருந்ததே அதிகம்.

———

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. கோவில்பட்டி அண்ணா, என்னை மதினின்னு கூப்பிட்டதுல எங்க அம்மாவுக்கே சந்தோஷம்.

நேத்து ராத்திரி நாலு பேரும் உக்காந்து பங்கு எழுதினோம். வரி எனக்கு, மெட்டு எனக்கும் கீபோர்டு தம்பிக்கும் பாதிப் பாதி, மாஸ்டர் நாலு பேருக்கும் சமம், அம்மா பணம் முதல்ல கழியும். எழுதுறதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு, நடுவுல தவில்காரர் கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டு வந்தார். கம்பெனிகிட்ட மூணு வருஷ உரிமம்னு கேட்டு மெயில் போட்டிருக்கேன். லண்டன் ஐயா சொன்ன மூணு கேள்வியையும் சேர்த்து எழுதினேன். பதில் வரல.

ஐயா, உங்ககிட்ட ஒண்ணு. அந்தக் காலத்து லேபிள்கள்ல பாட்டுக்காரங்களுக்கு ரொம்ப நியாயமா எழுதிக் குடுத்த ஒப்பந்தம்னு ஏதாவது உண்டா? எங்க கிட்டாரிஸ்ட் கேக்குறான்.

———

பெட்டிகட்டி:

உண்டு பிள்ளை. மான்செஸ்டரில 1978இல தொடங்கின ஃபாக்டரி லேபிள். இசைக்காரருக்கே எல்லாம் சொந்தம், கம்பெனிக்கு ஒண்டும் சொந்தமில்லை, குழு விரும்பின நேரம் போகலாம். இவ்வளவுதான் தாள். லேபிளைத் தொடங்கினவரில ஒருத்தரான டோனி வில்சன் அதைத் தன்ர ரத்தத்தாலயே எழுதினார் எண்டு சொல்லுவினம்.

1992இல ஃபாக்டரி கடனில மூழ்கேக்க, பெரிய கம்பெனி ஒண்டு அதை வாங்க வந்தது. ஃபாக்டரியில இருந்த நியூ ஆர்டர் எண்ட குழுவின்ர பழைய பாட்டுகளுக்காகத்தான் வந்தது. தாளை எடுத்துப் பாத்தா அந்தப் பாட்டெல்லாம் குழுவுக்குச் சொந்தம், ஃபாக்டரியிட்ட விக்க ஒண்டும் இல்லை. வாங்கிறதும் நிண்டுது, அந்த நவம்பரே லேபிளும் மூடினது. லேபிளில வேலை செய்தவையை நினைச்சா எனக்கு மனவருத்தம்தான். ஆனா பாட்டுக்காரர் தங்கட பாட்டோட வெளியில வந்தவை. உங்கட கிட்டார் தம்பிக்கு ரெண்டு பக்கத்தையும் சேத்துச் சொல்லுங்கோ.

———

மிக்ஸர்மேசை:

கோவில்பட்டி அண்ணன் சொன்ன "கையில எதையாவது"க்கு ஒரு வழி: பேண்ட்கேம்ப். 2008லேர்ந்து இருக்கு. கேக்குறவர் நேரடியா ஆல்பத்தையே காசு குடுத்து வாங்குவார், விலை நீங்க வைக்கிறது, டிஜிட்டலுக்கு அவங்க பங்கு 15 சதவீதம். அங்க பத்துப் பேர் வாங்கினா வர்றது எனக்கு ஒரு வருஷ ஸ்ட்ரீமிங்கைவிட அதிகம். ஆனா அதையே நம்பி எல்லாத்தையும் அங்கயே வச்சுடாதீங்க. 2022ல எபிக் கேம்ஸ் வாங்கினாங்க, அடுத்த வருஷமே சாங்ட்ரேடர் கைக்குப் போச்சு, ஊழியர்ல பாதிப் பேருக்கு வேலை போச்சு. உங்க வேவ் ஃபைல் (ஒரிஜினல் ஒலிக் கோப்பு) உங்க ஹார்ட் டிஸ்க்குல ரெண்டு பிரதி இருக்கணும். வாங்கினவங்க மின்னஞ்சல் முகவரியை மாசாமாசம் இறக்கி வச்சுக்கங்க.

———

வைகைக்கரை:

கம்பெனிலேர்ந்து இன்னிக்குப் பதில் வந்துடுச்சு. உரிமமா எடுக்கிறது அவங்க வழக்கம் இல்லையாம். கணக்குக் காட்டுறதைப் பத்தி ஒரு வரியும் இல்ல. கையெழுத்து போடலாம்னு சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் தவில்காரர். மெயிலை அவர்தான் சத்தமா வாசிச்சார். வாசிச்சு முடிச்சுட்டு, "நாமளே விட்டுருவோம்"னார்.

சித்திரைத் திருவிழா நேரத்துல ஒரு மாடியில பாடுறோம். நூத்தியம்பது அட்டை அச்சடிக்கிறோம். முன்னாடி படம், பின்னாடி அஞ்சு பாட்டோட வரிகள், இறக்கிக்கிறதுக்கு ஒரு க்யூஆர். அட்டையோட அடியில ஸ்டுடியோ, மிக்ஸிங், மாஸ்டரிங், அச்சு எதுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கணக்கையும் போடுறோம். விலை 100 ரூபாய். கடைகள்ல வைக்கிற அட்டைக்கெல்லாம் ரசீது புத்தகம் வாங்கியாச்சு ஐயா, கார்பன் பேப்பர் வச்சது.

———

பெட்டிகட்டி:

வீட்டு விலாசம் போடாதையுங்கோ பிள்ளை, இது 1978 இல்லை. தபால் பெட்டி ஒண்டு எடுத்து அந்த எண்ணைப் போடுங்கோ.

எனக்கு ரெண்டு அட்டை வேணும். ஒண்டு மச்சானுக்கு. தபால் செலவோட எவ்வளவு, எந்த வழியால அனுப்பிறது எண்டு எழுதுங்கோ.